ஸ்ப்ரூஸில் வெட்டிய சிலுவை

சிலுவையைப் பைன் மரத்தில்தான் வெட்ட வேண்டும். வடக்குக் குளிர்நாட்டில், வோரு பக்கத்தில், நேற்றுப் பால்குடி மறந்த பிள்ளைக்குக்கூட இது தெரியும். சவ வண்டி வீட்டிலிருந்து கல்லறைக்குப் போகிற வழியில் காட்டோரமாக நிற்கும். செத்தவருக்கு நெருங்கிய ஆண்பிள்ளை ஒருவர் இறங்கி, ஒரு மரத்தின் பட்டையைச் செதுக்கிச் சிலுவை வெட்டுவார். கூட வந்தவர்கள் ஆளுக்கு ஒரு மடக்கு வோட்கா குடிப்பார்கள். அதற்குப் பிறகு செத்தவர் வீட்டு ஞாபகம் வந்து கல்லறையிலிருந்து எழுந்து நடந்தாலும் அந்த மரம் வரைக்கும்தான் வர முடியும். தன் சிலுவையை அவரால் தாண்ட முடியாது. பைன் என்றால் இருநூறு வருஷம் நிற்கும். அதற்குள் வீட்டை மறந்துவிடுவார் என்று ஒரு நம்பிக்கை.

தார்மோவின் சிலுவையை அவன் தாய்மாமன் ஹெய்னோ ஸ்ப்ரூஸ் மரத்தில் வெட்டினான். போதையில் மரம் தெரியவில்லை என்று ஊர் சிரித்தது. போதை உண்மைதான், ஆனால் காரணம் அது இல்லை. வண்டி நிற்கிற நாற்சந்தியில் பைனே இல்லை. அங்கிருந்த பைன்களை எல்லாம் சில வருஷம் முன்பு தார்மோவின் அம்மா விர்வேதான் வெட்டவைத்தாள். மகன் கல்யாணமாகிக் குடிபோகிற புதுவீட்டுக்கு அவை சுவராகிவிட்டன. தன் சிலுவைக்கு ஆக வேண்டிய மரத்துக்குள்ளேயே அவன் குடியிருந்தான். பிறகு ஒரு மார்ச் மாதம் மீன் பிடிக்க உறைந்த ஏரிக்குப் போனான், காலடியில் பனிக்கட்டி உடைந்தது.

விர்வேயின் தொழில் மரங்களுக்குக் குறி போடுவது. சுற்றுவட்டாரத்துக் காட்டுக்காரர்கள் எல்லாம் அவளைக் கூப்பிடுவார்கள். எது நிற்கலாம், எது விழ வேண்டும் என்று பார்த்து, விழ வேண்டியதில் சிவப்புப் பெயின்ட்டால் வளையம் போட்டுவிட்டு வருவாள். தாத்தா வைத்த மரம், முதல் முத்தம் கொடுத்த மரம் என்று யாராவது கண்ணைக் கசக்கினால் அவளுக்குப் பிடிக்காது. "ஒரு மரத்துக்குப் பாவம் பார்த்தா ஒரு காட்டுக்கே குழி வெட்டணும்" என்பாள். ஊருக்கு உபதேசம் சொல்வது சுலபம்.

இந்த மே மாதம் தார்மோவின் மரத்தடியில் காப்பித்தூள் சிந்தினதுபோல் பழுப்பாகக் கிடந்தது. விர்வே குனிந்து விரலால் தொட்டுப் பார்த்தாள். பட்டை வண்டு. சிலுவைக் காயத்திலிருந்து ரெண்டு வருஷமாகப் பிசின் ஒழுகி மரம் நலிந்திருந்தது, நலிந்த ஸ்ப்ரூஸை அந்த வண்டு எங்கிருந்தாலும் தேடி வந்துவிடும். ஜூனில் குஞ்சுகள் பட்டைக்குள்ளிருந்து பறந்தால் அவளுடைய தோப்பு போய்விடும். வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் பக்கத்துக்காரன் எந்தெலின் தோப்பும் போய்விடும். எந்தெல் அதற்குள் வாய்க்கால் ஓரத்தில் நடமாட ஆரம்பித்திருந்தான். வாயைத் திறந்து எதுவும் கேட்கவில்லை, அதுவே போதுமாக இருந்தது.

"வெட்டிரலாம்," என்றாள் விர்வே, தம்பியிடம்.

ஹெய்னோ தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டான். "அக்கா, சிலுவை மரம். தானா விழுந்தாக்கூட யாரும் விறகுக்கு எடுக்க மாட்டாங்க. நீ ரம்பத்த வைக்கிறேங்கற."

"எந்தெல் தோப்பும் சேர்ந்து சாகட்டுங்கறியா?"

"நான் அப்படிச் சொன்னேனா? வேற வழி ஒண்ணுமே இல்லையான்னுதான் கேக்கறேன். இத்தன வருஷமா காட்டுல சுத்தற. உனக்குத் தெரியாத வழியா?"

"இல்ல."

பொய். ஏணி வைத்து ஏறி, நிற்கிற மரத்திலேயே பட்டையை உரித்துவிட்டால் வண்டுக் குஞ்சுகள் காய்ந்து செத்துவிடும். மரமும் சாகும், ஆனால் சிலுவையோடு மொட்டையாகப் பத்துப் பதினைந்து வருஷம் நிற்கும். மற்றவர்களுக்கு இதைச் சொல்லிக்கொடுத்ததே விர்வேதான். தம்பியிடம் மட்டும் மறைத்தாள். அந்த மரம் தன் பிள்ளையை வழியில் மறித்துக்கொண்டு நிற்பது இரண்டு வருஷமாக அவளுக்கு நெஞ்சில் முள்ளாக இருந்தது. வண்டு வந்ததும் ஒரு சாக்குக் கிடைத்தது. கோபப்பட வேண்டிய காரியம்தான். ஆனால் பிள்ளையைத் தண்ணீருக்குக் கொடுத்தவளிடம் எப்படிக் கோபப்படுவது?

சேதி கேட்டு மருமகள் கெர்லி ஓடிவந்தாள். தார்மோவோடு அவள் குடியிருந்த அந்தப் பைன் வீடு, விர்வேயின் வீட்டைத் தாண்டி அதே சாலையில் ஏரி வளைவில் இருந்தது. அந்த வீட்டுக்கு இந்த வசந்தத்திலிருந்து ரைமோ என்று ஒருவன் வந்துபோகிறான். நல்லவன்தான். விர்வேயைக் கண்டால் தூரத்திலிருந்தே தொப்பியைத் தூக்குவான்.

"அத்தை, வெட்டாதீங்க. உங்க கால்ல வேணா விழறேன்."

"படிச்ச பொண்ணு நீ. மரத்துக்கும் மனுசனுக்கும் என்ன சம்பந்தம்?"

"பகல்ல எனக்கும் அப்படித்தான் தோணுது. பொழுது சாஞ்சா வேற மாதிரி இருக்கு. அவரு எவ்ளோ பொறாமைக்காரருன்னு உங்களுக்குத் தெரியாதா?"

"ரைமோவப் பத்தி நான் ஒரு வார்த்த சொன்னதில்லையே."

"நீங்க சொல்லல அத்தை," என்றாள் கெர்லி. திரும்பி வேகமாகப் போய்விட்டாள்.

விர்வே தானே மிஷின் ரம்பத்தை எடுத்துப் போனாள். மரம் பெரிதாக முரண்டு பிடிக்கவில்லை. கிளைகளோடு சாய்ந்தபோது நாற்சந்தியில் இதுவரை இல்லாத வெளிச்சம் விழுந்தது. கல்லறையிலிருந்து வருகிற சாலை அவள் வீட்டு வாசல் வரைக்கும் பளிச்சென்று தெரிந்தது. வண்டு வைத்த பட்டையை எல்லாம் உரித்து எரித்தாள். சிலுவை இருந்த துண்டை மட்டும் பாசிக்குள் உருட்டிவிட்டாள், அது அங்கேயே மக்கட்டும் என்று.

அன்று சாயங்காலம் அவள் பார்லி ரொட்டி சுட்டாள். தார்மோவுக்கு அது சூடாக இருக்க வேண்டும், மேலே வெண்ணெய் உருக வேண்டும். மேசையில் அவன் தட்டை வைத்தாள். அடுப்பின் பக்கத்தில் அவனுடைய கம்பளி பூட்ஸை எடுத்து வைத்தாள். வாசல் கதவைத் திறந்து போட்டுவிட்டு உட்கார்ந்தாள். மே மாதத்தில் இருட்டுவதற்கே மனசு வராது, வானம் பால் கலந்த மாதிரி வெளுத்துக் கிடக்கும். திறந்த கதவு வழியாக உள்ளே வந்தது கொசுக்கூட்டம் மட்டும்தான்.

ஒருமுறை சாலைச் சரளையில் காலடி கேட்டது. தண்ணீர் புகுந்த ரப்பர் பூட்ஸ் சளக் சளக்கென்று மெதுவாக வந்தது. விர்வே எழுந்து நின்றாள். சத்தம் வாசல் கேட்டுக்குப் பக்கத்தில் வந்தது, நிற்காமல் தாண்டிப் போயிற்று. எந்தெலாக இருக்கும், வலை போட ஏரிக்குப் போகிறான் என்று சொல்லிக்கொண்டு மறுபடி உட்கார்ந்தாள்.

விடிந்ததும் கெர்லி வந்தாள். காலில் செருப்பு இல்லை. தார்மோவின் நாய் மூரியைக் கயிற்றோடு இழுத்து வந்திருந்தாள். உள்ளே வராமல் நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அவரு வந்தாரு அத்தை."

விர்வே எழுந்து வாசலுக்கு வந்தாள்.

"மூரி குரைக்கவே இல்ல. வால ஆட்டிக்கிட்டு கதவச் சொறியுது. வெளிய யாரோ பூட்ஸ உதறினாங்க, அவரு உதறுவாரே, ரெண்டு தடவ, அப்படியே. அப்பறம் தாழ்ப்பாள் ஆடிச்சு. நான் தொறக்கல. ரைமோ கூட இல்ல, நான் தனியாத்தான் இருந்தேன். ஆனாலும் தொறக்கல. காலைல பார்த்தா படியெல்லாம் தண்ணி. ஏரித்தண்ணி வாசம் அத்தை." அவள் அழ ஆரம்பித்தாள். "நான் தொறந்திருக்கணுமா?"

"இல்லம்மா. தொறக்காம இருந்ததுதான் சரி."

"வேற வழியே இல்லன்னு ஹெய்னோ மாமாகிட்ட சொன்னீங்களாமே?"

"இருந்துச்சு."

"அப்பறம் ஏன் வெட்டுனீங்க?"

அப்போதுதான் கெர்லி மேசையைப் பார்த்தாள். தட்டு, ஆறிப்போன ரொட்டி, அடுப்போரத்தில் ஜோடியாக நிற்கும் பூட்ஸ். பார்த்துவிட்டுச் சட்டென்று கண்ணைத் தாழ்த்திக்கொண்டாள். பெற்றவளின் வாசலைத் தாண்டி அவன் கெர்லியின் வாசலுக்கு வந்திருக்கிறான் என்பது அவளுக்கும் புரிந்துவிட்டது. விர்வேக்கு அந்த இடத்தில் வயிறு எரிந்தது. செத்த பிள்ளை எந்த வீட்டைத் தன் வீடு என்று நினைத்தான் என்பதில்கூட மாமியாருக்கு மருமகள்மேல் பொறாமை வரும்.

"வேற சிலுவை போடுங்க அத்தை," என்றாள் கெர்லி. "இன்னொரு தடவ அந்தத் தாழ்ப்பாள் ஆடிச்சுன்னா நான் தொறந்துருவேன். சத்தியமா தொறந்துருவேன்."

விர்வே கோடாரியை எடுத்தாள்.

"ஹெய்னோ மாமாவக் கூப்பிட்டு வரவா? ஆம்பளதானே வெட்டணும்?"

"அவன் கை ஆடும். நானே வெட்றேன், நீ வீட்டுக்குப் போய்த் தூங்கு."

விர்வேயின் வாசல் கேட்டுக்கு வெளியே சாலையோரமாக ஒரு முதிர்ந்த பைன் நின்றது. மின்கம்பிமேல் சாய்கிறது என்பதால் வெட்டிவிடுவதாக மின்சாரக்காரர்களுக்கு வாக்குக் கொடுத்து, அவளே போன வருஷம் சிவப்பு வளையம் போட்டிருந்தாள். முதலில் அந்தச் சிவப்பைச் சுரண்டி எடுத்தாள். பிறகு பட்டையைச் செதுக்கி, வெள்ளைக் கட்டை தெரிகிற வரைக்கும் சிலுவையை வெட்டினாள். கல்லறையிலிருந்து ஏரி வளைவுக்குப் போகிறவன் இந்த மரத்தைத் தாண்டித்தான் போக வேண்டும். இனி அவனால் தாண்ட முடியாது.

மத்தியானம் ஹெய்னோ புட்டியோடு வந்தான். மரத்தைப் பார்த்தான், கேட்டைப் பார்த்தான், அக்காவைப் பார்த்தான்.

"சிலுவைய ஊருக்கு வெளிய போடுவாங்க. நீ வாசல்லயே போட்டு வச்சிருக்க."

"மரம் கேட்டுக்கு வெளியத்தானே நிக்குது?"

"எவ்ளோ வெளிய? கை நீட்டினா எட்டும். அவன் உள்ள வர முடியாம இங்கயே நிப்பான்க்கா. தெனமும். நீ ஜன்னல் வழியா பார்த்துக்கிட்டுக் கெடப்ப. இது தேவையா உனக்கு?"

"இருநூறு வருஷம் நிக்கற மரம்டா. எங்கயோ காட்டுல தனியா நிக்கறதுக்கு இங்க நிக்கட்டும்."

"மின்சாரக்காரன் வந்து கேட்டா?"

"கம்பிய நகத்திக்கச் சொல்றேன்."

ஹெய்னோ ஒரு மடக்குக் குடித்தான். சிலுவையைக் கையால் தடவினான். அக்கா வேலையில் சுத்தக்காரி, ஆனால் வெட்டு நட்டநடுவில் இல்லை. இடப்பக்கமாக நன்றாக ஒதுங்கி இருந்தது.

"ஏன்க்கா ஓரமா வெட்டியிருக்க? கண்ணு தெரியலையா?"

"பக்கத்து எடம் என் சிலுவைக்கு," என்றாள் விர்வே. "நீதான் வெட்டணும். அன்னைக்காவது குடிக்காம வா."

ஹெய்னோ புட்டியை மூடிச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு போய்விட்டான்.

சாயங்காலம் அவள் ஒரு நாற்காலியைக் கொண்டுபோய்க் கேட்டுக்கு உள்பக்கமாகப் போட்டு உட்கார்ந்தாள். மடியில் துணி சுற்றிய ரொட்டி சூடாக இருந்தது. வானம் வெளுத்துக் கிடந்தது. சரளையில் காலடி வந்து, இந்தத் தடவை நின்றது. பைன் மரத்தடியில், ஒரு வாரமாக மழை காணாத மண், மெல்ல நனைந்து கறுத்தது.

விர்வே கேட்டின் கம்பிகளுக்கு இடையே கையை நீட்டி ரொட்டியை ஈரத்தின்மேல் வைத்தாள்.

"சாப்டுடா," என்றாள். "சூடா இருக்கு."