மூன்றாம் அறையின் குட்டை

பேராசிரியர் கிணற்று நீரை ஊற்றுவதற்கு முன் குடத்தின் வாயில் துணியைக் கட்டிக்கொண்டிருந்தார்.

“குளிப்பாட்டத்தானே அத்தான்? இதுக்கு எதுக்கு வடிகட்டணும்?” என்றாள் கொழுந்தியாள்.

அவர் கை அதன் பாட்டுக்கு முடிச்சுப் போட்டது. மனைவியின் உயிர் பிரிந்து இரண்டு மணி நேரம் ஆகியிருந்தது. காலை எட்டு மணிக்கு, அவர் பல் துலக்கிக்கொண்டிருந்த நேரத்தில், யாரையும் கூப்பிடாமல் போய்விட்டாள்.

இருபத்திரண்டு வருஷமாக அந்த வீட்டுக்குள் வடிகட்டாத தண்ணீர் வந்ததில்லை. அது அவள் போட்ட சட்டம். சில நாள் துணியில் அரிசி மணியில் பாதி அளவுக்கு ஒரு வெள்ளை இறால் துள்ளும். கண் கிடையாது, நிறம் கிடையாது. துணியைக் கிணற்றுக்குள் உதறி, “போ, போய் உன் வீட்டுல இரு” என்பாள்.

அதை முதன்முதலில் கண்டவளும் அவள்தான். அப்போது பேராசிரியர் நான்கு வருஷமாக மலைக்குகைக்குள் போய் வந்துகொண்டிருந்தார். அங்கே அகப்பட்ட சிலந்தி, பூரான் எல்லாவற்றைப் பற்றியும் அவருக்கு முன்பே யாராவது எழுதி வைத்திருந்தார்கள். புதிதாக ஒன்றும் கிடைக்காவிட்டால் ஆராய்ச்சியை மூடிவிடுவதாகக் கடிதமும் வந்திருந்தது. அந்த வாரம் ஒரு நாள், அவள் ஒரு டம்ளரை நீட்டி, இது என்ன பாருங்கள் என்றாள். அவர் அதை ஸ்பிரிட் புட்டியில் போட்டு, சீட்டு எழுதினார்: குகை, மூன்றாம் அறை, குட்டை.

அவர் தோளுக்கு மேலாக அவள் எட்டிப் பார்த்தாள். “நம்ம கிணத்துலதானே கிடைச்சுது?”

பூமிக்குள் எல்லாத் தண்ணீரும் ஒன்றுதான் என்று சொல்லி வாயை அடைத்தார். குகை நாற்பது கிலோமீட்டர் தள்ளி, ஆற்றுக்கு அக்கரையில் இருந்தது.

கட்டுரை வந்தது, பதவி வந்தது, வெளிநாட்டிலிருந்தெல்லாம் கடிதம் வந்தது. ஆனால் அந்தக் குட்டையில் அப்புறம் யார் வலை போட்டும் ஓர் இறால்கூட அகப்படவில்லை. ஆறாம் வருஷம், அது ஏன் அழிந்தது என்று கண்டுபிடிக்க ஒரு குழு போட்டார்கள். அதற்குத் தலைவரும் அவரேதான். குகைக் காவலாளி ஒரு மழை நாளில் பள்ளிக்கூடப் பிள்ளைகளை உள்ளே ஒதுங்க விட்டிருந்தார். அவர்கள் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, குட்டையில் சேற்றுக்காலை அலம்பியிருந்தார்கள். காரணம் கிடைத்துவிட்டது. பேராசிரியர் கையெழுத்துப் போட்டார். மாணவர்கள் வௌவால்காரர் என்று செல்லமாகக் கூப்பிட்ட அந்தக் காவலாளிக்கு வேலை போயிற்று.

அதற்குப் பிறகும் மனைவி வழக்கம்போலப் பேசினாள், சண்டை போட்டாள், சிரித்தாள். இறாலைப் பற்றி மட்டும் அவரிடம் வாய் திறக்கவில்லை.

படுக்கையில் விழுந்த பிறகுதான் கேட்டாள். “அந்த மனுஷன்கிட்ட சொல்லிடுங்க.” சரி என்றார். அப்புறம் தினமும் “சொல்லியாச்சா?” என்பாள். நாளைக்கு என்பார். நேற்றுச் சாயங்காலம் மருந்துக்கடையிலிருந்து திரும்பியதும் செருப்பைக்கூடக் கழற்ற விடாமல் கேட்டாள். காலையிலேயே போன் பண்ணிச் சொல்லிவிட்டதாக அவர் புளுகினார். அவள் அவர் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள். சரி என்று சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அவளுக்கு நிம்மதியாகிவிட்டது என்று நினைத்து அவரும் இரண்டு இட்லி அதிகமாகவே சாப்பிட்டார்.

குளிப்பாட்டிக் கூடத்தில் கிடத்தினார்கள். கொழுந்தியாள் அழுகைக்கு நடுவே பக்கத்து வீட்டுக்காரியிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்: “அவருக்குக் கண்ணில்லாத பூச்சின்னா உயிரு, கண்ணுள்ள பொண்டாட்டிதான் கண்ணுல பட மாட்டாள்னு அக்கா சொல்லிச் சொல்லிச் சிரிப்பா.” பக்கத்து வீட்டுக்காரி சிரிப்பை முந்தானையால் அடக்கினாள்.

பேராசிரியர் வெளியே நாற்காலியில் வந்து உட்கார்ந்தார். ஒரு காலை இழுத்து இழுத்து நடந்து வந்த ஒருவர் பக்கத்து நாற்காலியைப் பிடித்தபடி மெல்ல உட்கார்ந்தார். தலை முழுக்க நரைத்திருந்ததால் வௌவால்காரர் என்று அறிந்துகொள்ளச் சற்று நேரமாயிற்று.

“நேத்துதான் சார் அம்மாவப் பார்த்துட்டுப் போனேன்.”

“நேத்தா?”

“சாயங்காலம். நீங்க மருந்து வாங்கப் போயிருந்தீங்களாம். வரச் சொல்லி ஆள் விட்டிருந்தாங்க. சார் எதாவது சொன்னாரான்னு கேட்டாங்க. அவரு என்னோட பேசியே பதினாறு வருஷம் ஆச்சேம்மான்னேன். சொல்லுவாருன்னாங்க.”

பேராசிரியர் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டார். அப்படியானால் அவள் கேட்டபோதே அவளுக்குப் பதில் தெரியும். தெரிந்துதான் கேட்டிருக்கிறாள். தெரிந்துதான் சரி என்றிருக்கிறாள்.

வௌவால்காரர் குனிந்து, தணிந்த குரலில் தொடர்ந்தார். “நானே வந்து உங்க கால்ல விழுந்திருக்கணும் சார். உங்க பேரச் சொல்ற ஜீவன். அதுக்கு நான் எமனாப் போயிட்டேன். இன்னிக்கும் பேத்தி டார்ச்ச எடுத்தா எனக்கு நெஞ்சு அடிச்சுக்குது.”

“அழியல” என்றார் பேராசிரியர். நாற்காலியை அவர் பக்கம் திருப்பிக்கொண்டு சொன்னார். “அது குகையில இருந்ததே இல்ல. இந்த வீட்டுக் கிணத்துல கிடைச்சது. நான்தான் மாத்தி எழுதினேன்.”

எதிர்வரிசையில் இருந்த சக பேராசிரியர் ஒருவர் திரும்பிப் பார்த்தார்.

“குழு போட்டப்போ?” என்றார் வௌவால்காரர்.

“அப்பவும் தெரியும்.”

“பசங்க கால் அலம்பினது?”

“அதனால ஒண்ணும் ஆகல.”

வௌவால்காரர் தன் முட்டியை இரண்டு முறை தடவிவிட்டார். பிறகு எழுந்தார். நேராகத் தெருவைப் பார்த்துத்தான் போவார் என்று பேராசிரியர் எதிர்பார்த்தார். அவரோ கூடத்துக்குள் போய், அவள் கால்மாட்டில் நின்றுகொண்டார்.

வண்டி வந்தது. ஸ்ட்ரெச்சரைத் தூக்க ஓர் ஆள் குறைந்தபோது, முட்டி வலியோடு வௌவால்காரரே முன்பக்கம் கை கொடுத்தார். பின்பக்கம் பேராசிரியர். வாசல் நிலை தாழ்வானது.

“தலை” என்றார் வௌவால்காரர், திரும்பிப் பார்க்காமல். “தலையப் பார்த்து வாங்க.” குகை வாயிலில் வரிசையாக நுழைகிறவர்களுக்கெல்லாம் சொல்லிச் சொல்லிப் பழகிய குரல், அதில் கோபமும் இல்லை, வேறொன்றும் இல்லை.

பேராசிரியர் குனிந்தார். நிலையைத் தாண்டி, மூன்று படி இறங்கி, வண்டிக் கதவு வரை நல்ல வெயிலில் நடந்து போன பின்னும் அவர் நிமிரவில்லை.