போறதுன்னா போயிடு

1
இந்தக் கதை பல் மருத்துவரின் காத்திருப்பு அறையில் கிடைத்தது. வீங்கிய கன்னத்தோடு உட்கார்ந்திருந்தேன். ஊரே ஆடிக்கொண்டிருக்கும் அந்தப் பாட்டு வானொலியில் வந்தது. வரவேற்பு மேசைப் பெண்மணி விருட்டென்று எழுந்து அணைத்தார்.

"நல்ல பாட்டாச்சே, ஏங்க?"

"என் பாட்டுங்க அது. பாடுறது என் தங்கச்சி."

பல்வலி பறந்தே போய்விட்டது! மீதியை, பல் அடைக்க மறுபடி போனபோது அவரே சொன்னார். (இனி அவரை 'அவள்' என்றுதான் எழுதப்போகிறேன். அருகில் போக வேண்டும்.)

2
'அவள் குரலில் ஒரு கடல்...'

(இந்த வரியை அடித்துவிட்டேன். கடலுமில்லை, கத்தரிக்காயுமில்லை.)

நடந்தது இதுதான். இளவயதில் அக்கா ஒரே ஒரு திரைப்பாட்டுப் பாடினாள். பிரியும் காதலனிடம் 'போறதுன்னா போயிடு' என்று உருகும் பாட்டு. கொஞ்சநாள் ஓடியது, பிறகு யாரும் கூப்பிடவில்லை. தங்கை கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவள். அதே பாட்டை, அக்காவிடம் மூச்சுவிடாமல், இரட்டை வேகத்தில், டிரம்ஸ் அதிர, சிரித்துக்கொண்டே பாடி இணையத்தில் ஏற்றிவிட்டாள். ஒரு சொல் மாறவில்லை. அர்த்தம் மட்டும் தலைகீழ். கெஞ்சல் போய்க் கொண்டாட்டம் வந்துவிட்டது.

(தங்கையை வில்லியாக்கப் பார்த்தேன். பிரேக்குக்குப் பதில் ஆக்ஸிலேட்டரை மிதிப்பவனைக்கூடத் திட்டாதவளை என்ன செய்ய?)

3
நான் பல் அடைக்கப் போவதற்குள் வானொலி நிலையம் இருவரையும் நேரலைக்கு அழைத்திருந்தது. நறுக்கென்று நாலு வார்த்தை கேட்கத்தான் அக்கா போனாள். ஒலிபரப்பு தொடங்குமுன்பே ஆரம்பித்துவிட்டாள்.

"ஒரு வார்த்தை கேட்டியாடி?"

"கேட்டா வேணாம்னு சொல்லியிருப்பக்கா."

"என் பாட்டைக் கொன்னுட்டியே!"

"சீந்த ஆளில்லாம கெடந்துச்சு. தூக்கிட்டு ஓடினேன்."

தொகுப்பாளர் பாட்டை ஓடவிட்டார். முதல் வரியிலேயே அணைத்துப் பழகிய அக்கா, அன்றுதான் முழுதாகக் கேட்டாள். இரண்டாம் சரணத்தில் தங்கை ஒரு கணம் நிறுத்தி, மூக்கால் லேசாகச் சிரித்துவிட்டு, 'போயிடு' என்றாள். அக்காவுக்குப் புல்லரித்தது.

"அந்தச் சிரிப்பு... எங்கடி புடிச்ச?"

"உன்கிட்டதான். ஒத்திகையில நீ அப்படித்தானே பாடின? மியூசிக் டைரக்டர்தான் 'சிரிக்காதே, அழு'ன்னாரு. நான் மூலையில உக்காந்திருந்தேன்க்கா. எனக்கு அன்னிலேர்ந்து அதுதான் பாட்டு."

ஆக, நாம் நகல் என்று நினைத்ததுதான்...

(இந்த வாக்கியத்தை முடிக்க மாட்டேன். அவ்வளவு சந்தோஷம்.)

4
முடிவு அ: இருவரும் கட்டிக்கொண்டு அழுகிறார்கள். வேண்டாம், அழுகைக்குத்தான் ஏற்கெனவே ஒரு பாட்டு இருக்கிறதே.

முடிவு ஆ: அக்கா எழுந்து போய்விடுகிறாள். பொய். அவள் நாற்காலியை இன்னும் முன்னால் இழுத்துக்கொண்டாள்.

"மேடம், ரெண்டுல எது ஒசத்தி?" என்றார் தொகுப்பாளர்.

"இவளுதுதான்," என்றாள் அக்கா, பட்டென்று. "ஆனா நான் இன்னும் முடிக்கல."

மைக்கைப் பிடித்தாள். விரல்கள் மேசையில் தாளம் போட்டன: பழைய வேகமுமில்லை, புதியதுமில்லை. தங்கையின் கண்கள் விரிந்தன.

எப்படிப் பாடினாள் என்று எனக்குத் தெரியும். எழுத்தில் வராது. நீங்களே வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள்: 'போறதுன்னா போயிடு.' அழாமல். சிரிக்காமல்.

ம்... இன்னொரு முறை.