அக்டோபரில் வந்த எடை

1951 ஜனவரியில் உறையவிருந்த பனிக்கட்டியின் எடை, மூன்று மாதம் முன்னதாக, அக்டோபர் ஒன்பதாம் தேதி திங்கட்கிழமை காலையில் எக்ஸில்டாவின் கூரைமேல் வந்து உட்கார்ந்தது. பனிக்கட்டி வரவில்லை, எடை மட்டும்தான். வானம் துடைத்துவிட்டதுபோல் இருந்தது. கூரைத் தகரத்தில் பக்கத்து வீட்டுப் பூனை வெயில் காய்ந்துகொண்டிருந்தது. ஆனால் வீட்டுக்குள் விட்டங்கள் முனகின, சமையலறைக் கதவு சட்டத்தில் இறுகிக்கொண்டது. பட்டாணி சூப்பைக் கிளறிக்கொண்டிருந்த எக்ஸில்டா அண்ணாந்து பார்த்தாள். பனித்தூளின் எடை மெத்தென்று இறங்கும், கட்டியின் எடை முரட்டுத்தனமாக உட்காரும். வந்திருப்பது கட்டிதான் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

சேந்த்-லுசீல் கிராமத்து ஆண்களில் பாதிப்பேர் மரம் வெட்டும் முகாமுக்குப் போய்விட்டிருந்தார்கள். அவள் கணவன் பிலியாஸும் போயிருந்தான். ஏப்ரலுக்கு முன் திரும்ப மாட்டான். வீட்டில் ஐந்து பிள்ளைகள், வயிற்றில் ஆறாவது. அவள் தகரக் கொல்லர் தெலெஸ்ஃபோரைக் கூப்பிட்டனுப்பினாள். அவர் ஏணி போட்டு ஏறிப் பார்த்துவிட்டு இறங்கினார்.

"மேல ஒரு பூனைதான் இருக்கு எக்ஸில்டா. அதை விரட்டணும்னா சொல்லு, காசு வேணாம்."

"பூனைக்கு விட்டம் வளையுமா? உள்ள வந்து நூலைப் பிடிச்சுப் பாருங்க."

அவர் சிரித்துக்கொண்டே பரணுக்கு ஏறினார். நடுவிட்டத்தின் இரு முனைக்கும் நூல் கட்டியபோது சிரிப்பு நின்றது. விட்டம் நடுவில் மூன்று விரற்கடை தொய்ந்திருந்தது. அவர் நூலை அவிழ்த்தார், மறுபடி கட்டினார், மறுபடி அளந்தார். பிறகு, "எத்தனை முட்டு வேணும்?" என்று மட்டும் கேட்டார்.

விட்டங்களுக்கு அடியில் பதினோரு முட்டுகள் கொடுத்தார்கள், எல்லாம் ஸ்ப்ரூஸ் என்னும் ஊசியிலை மரம். மர அறுவை ஆலையிலிருந்து மூட்டை மூட்டையாக மரத்தூள் கொண்டுவந்து பரண் தரையில் முழங்கால் அளவு பரப்பினார்கள். அடுப்புச் சூடு மேலே ஏறிக் கூரைப்பனியை உருக்கினால், அந்தத் தண்ணீர் இறவாரத்தில் போய் உறைந்து அணைபோல் நிற்கும், பின்னால் தேங்குவது சுவர் வழியே உள்ளே இறங்கும். அதனால் எக்ஸில்டா பிள்ளைகளோடு உட்கார்ந்து, பரணில் வெளிச்சம் தெரிந்த ஒவ்வொரு இடுக்கையும் பழைய கம்பளித் துணியால் அடைத்தாள். தெலெஸ்ஃபோர் இறவாரம் நெடுகப் புதுத் தகரம் அடித்தார். "இல்லாத பனிக்குக் குடை பிடிக்கிறா" என்று தேவாலய வாசலில் பேசிக்கொண்டார்கள். அவள் காதில் விழுந்தது. பேசியவர்களின் வீடுகளுக்கும் போய், "உங்க வீட்டுக்கும் முட்டு கொடுங்க" என்று சொல்லிவிட்டு வந்தாள். நான்கு வீட்டார் கொடுத்தார்கள்.

மூன்று மாதமும் அந்த வீடு எடையைச் சுமந்தது. எக்ஸில்டா தினமும் முட்டுகளைத் தடவிப் பார்த்தாள். சில நாள் தன் இடுப்பு வலிக்கும் விட்டத்தின் முனகலுக்கும் அவளால் வித்தியாசம் சொல்ல முடியவில்லை.

ஜனவரி ஒன்பதாம் தேதி மழை விழுந்தது, விழுந்த இடத்திலேயே உறைந்தது. ஐந்து நாள் விடவில்லை. மரங்கள் துப்பாக்கி வெடிப்பதுபோல் முறிந்தன. ஏழு வீடுகளின் கூரை இறங்கியது. உயிரோடு வெளியே வந்தவர்கள், அதாவது எல்லாரும், எக்ஸில்டா வீட்டுக்குத்தான் வந்தார்கள். முப்பத்தொரு பேர். கூரைமேல் பனிக்கட்டி இரண்டடி நின்றது. அடியில் எல்லாரும் மூச்சடக்கி அண்ணாந்திருக்க, விட்டங்கள் மெல்ல நிமிர்ந்தன. முட்டுகள் ஒவ்வொன்றாகத் தளர்ந்து சாய்ந்தன. எடை தன் கெடு முடிந்து கிளம்பிவிட்டது, வந்தது வெறும் பனிக்கட்டி. மூன்றாம் நாள் அந்தக் கூட்டத்துக்கு நடுவே, ஒரு படுதாவுக்குப் பின்னால், பெண் குழந்தை பிறந்தது.

ஏப்ரலில் பிலியாஸ் வந்தபோது வழியெல்லாம் இடிந்த வீடுகளைப் பார்த்து ஓட்டமும் நடையுமாக வந்தான். கூரைமேல் இன்னும் பனிக்கட்டி இருந்தது. ஏணியில் ஏறிக் கோடரியால் ஒரு பாளத்தைப் பெயர்த்தான். மாட்டுத்தலை அளவு பாளம் வாத்திறகுபோல் ஆடி ஆடி இறங்கித் தரையில் சத்தமில்லாமல் உட்கார்ந்தது.

"எக்ஸில்டா, இதுல கனமே இல்லையே."

"அக்டோபர்லயே சுமந்தாச்சு" என்றாள் அவள், குழந்தையை மறுதோளுக்கு மாற்றிக்கொண்டு. "நீ இறங்கு. இவளை இன்னும் நீ தூக்கவே இல்லை."

பிலியாஸ் கோடரியை ஏணிப்படியில் மாட்டிவிட்டு இறங்கினான், கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு நீட்டினான். குழந்தை நல்ல கனமாக இருந்தது.