மூன்று பட்டை குறைவாக

என் வீட்டுக்காரர் உதயசூரியனிடம் எல்லாக் கோளாறுக்கும் ஒரே வைத்தியம்தான்: இன்னொரு பட்டை சேர். ரங்கூனில், தின்கன்ஜூன் பகுதியில் லாரிகளுக்கு ஸ்பிரிங் பட்டை கட்டும் கடை வைத்து முப்பது வருஷம் ஆகிறது. அரிசி மூட்டையை அளவுக்கு மேல் ஏற்றுகிற லாரிக்காரர்களுக்கு அவர்தான் தெய்வம். ஆகவே, ஒரு பழைய ஜப்பான் மினிபஸ்ஸை வாங்கி, கட்டில், அடுப்பு, கழிப்பறை எல்லாம் வைத்து வீடாக மாற்றியபோதும் பின்சக்கரங்களுக்கு மும்மூன்று பட்டை கூடுதலாகப் போட்டுவிட்டார்.

அந்த வீடு எனக்காகத்தான். எட்டு மாதத்துக்கு முன் என் முதுகில் டிஸ்க் நகர்ந்துவிட்டது. பஸ்ஸில் அரைமணிக்கு மேல் உட்கார முடியாது. வடக்கே ஏழு மணி நேரப் பயணத்தில், ப்யே ஊரில் இருக்கும் என் தங்கை கலாவுக்குப் பேத்தி பிறந்திருக்கிறது. போனில் மட்டும்தான் பார்த்தேன். படுத்துக்கொண்டே போய்விடலாம் என்று மனிதர் கணக்குப் போட்டார்.

முதல் நாள் கடைத்தெருவைத் தாண்டுவதற்குள் எனக்கு உயிர் போய்விட்டது. பள்ளத்துக்குப் பள்ளம் கட்டில் என்னைத் தூக்கிப் போட்டது. கூரையில் இருநூறு லிட்டர் தண்ணீர்த் தொட்டி வேறு. திருப்பத்தில் வண்டி சாய்ந்து சாய்ந்து ஆடியது. இறங்கி நின்று அழுதேன்.

"இன்னும் ஒரு பட்டை போட்டா சரியாயிடும் லதா" என்றார்.

"அப்ப நீங்க படுங்க."

"நானா?"

"நீங்கதான். முன்னால குஷன் சீட்டுல உக்காந்து ஓட்டுறவருக்குப் பின்னால நடக்கிறது எப்படித் தெரியும்?"

கடையில் அவரோடு வேலை செய்யும் பீர் முகைதீன் ஸ்டியரிங்கைப் பிடித்தார். நான் தலையணையை முட்டுக்கொடுத்து முன்னால் உட்கார்ந்தேன். வலித்தாலும் பரவாயில்லை, இந்தக் காட்சியை விட மனமில்லை. நகரத்து நடுவில் கியாக்டடா வரை போய் பஸ்களுக்கு நடுவே பிரேக் போட்டுப் போட்டுத் திரும்பினோம். பின்னாலிருந்து கட்டில் சத்தத்தோடு அவர் சத்தமும் வந்தது.

"நிறுத்தவா அக்கா?" என்றார் பீர்.

"இன்னொரு ரவுண்டு போங்க."

இறங்கும்போது என் வீட்டுக்காரர் ஒரு கையில் இடுப்பில் கட்டிய லோஞ்சியையும் மறு கையில் இடுப்பையும் பிடித்திருந்தார். "கழட்டுடா எல்லாத்தையும்" என்றார்.

"மூட்டை ஏறினாத்தான் அந்தப் பட்டை வளையும், கோ உதயம். வெயிட்டு பத்தலேன்னா எகிறத்தான் செய்யும்" என்றார் பீர். அண்ணன் என்பதற்கு பர்மாவில் 'கோ'.

"முன்னாலயே சொல்றதுக்கு என்ன?"

"சொன்னேனே. பட்டை விக்கிறவருக்குக் காது கேக்கல."

தன் பல்லைத் தானே பிடுங்குகிறவர் போன்ற முகத்தோடு மூன்று மூன்று பட்டைகளை அவரே கழற்றினார். நான்கு சக்கரத்துக்கும் புது ஷாக் அப்சார்பர் போட்டார்கள். தொட்டியை இறக்கி, தரைக்கு அடியில், முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் நடுவே கட்டினார்கள். சாயாமல் இருக்கப் பின்பக்கம் குறுக்கே ஒரு கனத்த கம்பி. பத்து நாள் ஆயிற்று.

"ப்யே போற வழியில மாவ்பி சந்தை வரைக்கும் வர்றேன். வலிச்சா வண்டிய வித்துடுங்க. நானும் கலா வீட்ட மறந்துடுறேன்" என்றேன். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. அவருக்கும் அது தெரிந்தது. தலையாட்டினார்.

ஞாயிறு காலை கிளம்பினோம். முதல் பள்ளத்துக்குக் கட்டில் சட்டத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். வண்டி மெல்ல அமுங்கி எழுந்து அடங்கிவிட்டது. இரண்டாவது பள்ளத்தில் ஒரு கையை எடுத்தேன். ஒரு திருப்பத்தில் குறை சொல்ல வாயெடுத்தேன், சொல்ல ஒன்றும் இல்லை.

கண்ணைத் திறந்தபோது ஜன்னலில் வயல். வெயில் உச்சிக்கு ஏறியிருந்தது. வண்டி ஓடிக்கொண்டே இருந்தது.

"என்னங்க, மாவ்பி இன்னும் வரலையா?"

"அது போயி ஒன்றரை மணி நேரம் ஆச்சு."

"நிறுத்த வேண்டியதுதானே!"

அவர் திரும்பிப் பார்க்கவில்லை. "எட்டு மாசமா ராத்திரியெல்லாம் நீ புரண்டு புரண்டு படுக்கிறதத்தான் பாக்கிறேன். இன்னிக்குத்தான் தூங்கின. நிறுத்தினா முழிச்சிடுவியோன்னு பயமா இருந்துச்சு லதா."

நான் புரளும்போதெல்லாம் அவர் தூங்குவதாகத்தான் நினைத்திருந்தேன். ப்யே இன்னும் எவ்வளவு தூரம் என்று கேட்டேன்.

"நாலு மணிக்குப் போயிடலாம். மாவ்பி தாண்டினப்பவே கலாகிட்ட போன்ல சொல்லிட்டேன்" என்றார்.