வீட்டில் ஒருவர் பாஸானால் போதும்

என் மாமியார் டோரதி தெரிந்தே தப்பு செய்கிறவர் இல்லை. செய்வதெல்லாம் சரி என்று நினைக்கிறவர். என் தலைவலியே அதுதான்.

ஏழாம் மாதத்தில் எனக்கு ரத்த அழுத்தம் எகிறி, இரண்டு காலும் வீங்கி, ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். அத்தைக்கு அதைவிடப் பெரிய கவலை ஞாயிற்றுக்கிழமை வளைகாப்பு. சிவாஜிநகரில் கூடைகூடையாக வளையல் வாங்கி, விவேக் நகரில் எங்கள் தெருவுக்கே பிரியாணி சொல்லியாயிற்று.

டாக்டர் பார்கவி ஒரு புதுப் பரிசோதனை எழுதினார். "கிட்னி அடிபட ஆரம்பிச்சா, ரத்த டெஸ்ட்ல தெரியறதுக்கு முன்னாடியே யூரின்ல ஒரு புரோட்டீன் கூடும். அது நார்மல்னா வீட்டுக்குப் போகலாம்" என்றார். அத்தையின் காதில் விழுந்தது கடைசி வாக்கியம் மட்டும்.

மறுநாள் காலை குப்பியை நிரப்பிப் பாத்ரூமிலேயே வைத்துவிட்டு வந்து படுத்தேன். "நர்ஸ் கிட்ட நான் குடுக்கறேன்மா, நீ நடக்காத" என்று அத்தை உள்ளே போனார். வெளியே வரக் கொஞ்சம் நேரம் பிடித்தது.

சாயங்காலம் ரிப்போர்ட் வந்தது. "சூப்பரா இருக்கு. மாத்திரையோட வீட்டுக்குப் போங்க" என்றார் டாக்டர். அத்தை உடனே பையைக் கட்டத் தொடங்கினார்.

"இது மட்டும் கூடியிருந்தா அனுப்பியிருக்கவே மாட்டேன். வீட்டுல இருக்கும்போது கிட்னி மோசமானா தாய்க்கும் ஆபத்து, குழந்தைக்கும் ஆபத்து" என்று சொல்லிக்கொண்டே டாக்டர் கிளம்பினார்.

அத்தையின் கை பாதி மடித்த நைட்டியோடு நின்றுவிட்டது.

"டாக்டரம்மா, அது என்னுது."

"எது?"

"குப்பியில இருந்தது. எனக்கு ஒரு வியாதியும் இல்ல. வீட்டுல யாராவது ஒருத்தர் பாஸாயிட்டா போதும்னு நெனச்சேன்."

எனக்கு வந்த கோபத்தில் பி.பி. இன்னும் கொஞ்சம் ஏறியிருக்கும். டாக்டர் தலையில் கை வைத்துக்கொண்டார். மறுபடி எடுத்தார்கள், இந்த முறை நர்ஸ் சோனியா கதவருகே காவல் நின்றார். எனக்கு அந்தப் புரோட்டீன் கூடித்தான் இருந்தது.

"இப்பவே தெரிஞ்சது நல்லது. இங்கயே வச்சுப் பார்த்துக்கலாம்" என்றார் டாக்டர். வளைகாப்பு போயிற்று. எனக்கு வளைகாப்பா முக்கியம்? பயத்தில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

அத்தை டாக்டரை மறித்துக்கொண்டார். "என் கிட்னி நல்லா இருக்குன்னு நீங்கதானே சொன்னீங்க?"

"ஆமாம்மா, அதுக்கென்ன?"

"அப்ப அதுல ஒண்ண எடுத்து இவளுக்கு வச்சிடுங்க."

டாக்டரும் சோனியாவும் சிரித்துவிட்டார்கள். அத்தை சிரிக்கவில்லை. சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, எந்தப் பக்கம் திரும்பிப் படுக்க வேண்டும் என்று கேட்டார்.