யாரும் கையெழுத்துப் போடாத உயிர்

காலை ஒன்பது மணிக்கு டாக்டரின் மேசைமேல் ஒரு பூனை படுத்திருந்தது. அதன் காதில் சொட்டு மருந்து விட்டுக்கொண்டிருந்தபோது தம்பி போனை நீட்டினான்.

"அக்கா, மலைப்பக்கம் கல்லு அறுக்கிற பட்டறை இருக்கில்ல, அங்கேருந்து. மான் ஒண்ணு அடிபட்டுக் கிடக்காம்."

"வனத்துறைக்குச் சொல்லச் சொல்லு. நமக்கு நாயும் பூனையும்தான்."

"சொல்லிட்டாங்களாம். அவங்க ஆளுங்க வர மதியம் தாண்டிடுமாம். அதுவரைக்கும் பாத்துக்கிட்டு நிக்க முடியலன்னு ஒருத்தர் அழுவுறாரு."

தையல்கடைக்கும் செருப்புக்கடைக்கும் நடுவில் ஒன்றரை அறை. இருபத்திரண்டு வருடமாக அதில்தான் அவள் மிருக வைத்தியம் பார்க்கிறாள். தம்பிதான் வண்டியோட்டி, கம்பவுண்டர், கடிபடுகிறவன் எல்லாம். பூனையை உடையவரிடம் கொடுத்துவிட்டுப் பையை எடுத்தாள்.

போகிற வழியில் வனத்துறை அதிகாரியிடம் பேசினாள்.

"முதுகெலும்பு போயிருந்தா காப்பாத்த வழியில்ல டாக்டர். அப்படின்னா முடிச்சிடுங்க, அனுமதி அனுப்பிடறேன். ஆனா முடிவு உங்களுதுதான். நேர்ல பாக்குறது நீங்கதானே."

நாயென்றால் வீட்டுக்காரர் கையெழுத்துப் போடுவார், அழுவார், வேண்டாமென்று தூக்கிக்கொண்டும் போவார். எப்படியும் முடிவு அவருடையது. இதற்கு யார் வீட்டுக்காரர்? அவள் தம்பியைப் பார்த்தாள். அவன், "என்னப் பாக்காத, நான் வெறும் டிரைவர்" என்றான்.

பட்டறையை நெருங்கும்போதே பல்லைக் கூசவைக்கும் ரம்பச் சத்தம் அன்று இல்லை. முப்பது பேர் கல்தூள் படிந்த முகங்களோடு சுவரோரமாக நின்றிருந்தார்கள்.

மான் என்றதும் அவள் மனதில் வந்தது புள்ளிகளும் குச்சிக் கால்களும்தான். அறுத்து நிறுத்திய கற்பலகைகளின் நடுவே கிடந்தது ஒரு கடமான். குதிரையளவு உடம்பு. கழுத்தைச் சுற்றிப் பிடரிமயிர். அவள் மணிக்கட்டைவிடத் தடித்த கொம்புகள், நுனி மட்டும் தேய்ந்து வெளுத்திருந்தன. ஈர மரப்பட்டையும் சேறும் கலந்த மணம் அந்தக் கல்தூளையும் மீறி வந்தது. ஓட்டைவாய் என்று பெயரெடுத்த தம்பி, பையைக் கீழே வைக்க மறந்து நின்றான். இவ்வளவு பெரிய ஒன்று நம் பக்கத்திலேயே, நமக்குத் தெரியாமலேயே வாழ்ந்திருக்கிறது என்பதை டாக்டரால் சட்டென்று நம்ப முடியவில்லை.

அதன் தலைமாட்டில் ஒருவர் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். ரம்பம் ஓட்டுகிறவர். போனில் அழுதவரும் அவர்தான்.

"விடிஞ்சு கொஞ்ச நேரம்தான் ஆயிருக்கும். நாய்க்கூட்டம் தொரத்திச்சு. சுவரைத் தாண்டி இந்தக் கல்லு மேல வந்து விழுந்துச்சு. தண்ணிக் குழாயைத் தெறந்து நாய்களை அடிச்சு வெரட்டினேன். முன்னங்காலை ஊனி ஊனி எந்திரிக்கப் பாக்குது டாக்டர். பின்பக்கம் வரமாட்டேங்குது."

டாக்டர் இடுக்கியால் பின்குளம்பின் இடுக்கை அழுத்தினாள். அசைவில்லை. பலங்கொண்ட மட்டும் அழுத்தினாள். மான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இடுப்புக்கு மேலே முதுகுத்தண்டில் விரல் நுழையுமளவு பள்ளம் தட்டுப்பட்டது.

"முதுகெலும்பு முறிஞ்சிடுச்சு. இனிமே எந்திரிக்காது. ஊசி போட்டா வலியில்லாம போயிடும்."

ரம்பக்காரர் எழுந்து அவளுக்கும் மானுக்கும் இடையில் வந்து நின்றார்.

"வலியைக் கொறைக்கத்தான் கூப்பிட்டேன். கொல்லவா கூப்பிட்டேன்? எந்திரிக்க இத்தன பாடுபடுதே, அது சாகணும்னா கேக்குது?"

"வாழவும் முடியாதுங்க. இப்படியே விட்டா ரெண்டு நாள், மூணு நாள் இழுத்துக்கிட்டுக் கிடக்கும்."

"அந்த ரெண்டு நாள் அதோடது இல்லையா? அதுக்கு வேணாம்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

டாக்டர் வாயைத் திறந்தாள். இருபத்திரண்டு வருடத்தில் எத்தனையோ பேருக்குச் சொன்ன பதில்கள் இருந்தன. எதுவும் மானின் இந்தக் கண்களுக்கு முன்னால் செல்லுபடியாகவில்லை. அவை அவளிடம் எதையும் கேட்கவில்லை. நாய்களின் கண்கள் கேட்கும்.

"தெரியாது" என்றாள். "முதல்ல வலிக்கு மட்டும் போடறேன். நெனப்பு இருக்கும், வலி கொறையும். பெறகு பேசுவோம்."

தொடையில் ஊசி போட்டாள். கால்மணி நேரத்தில் மூச்சு கொஞ்சம் நிதானப்பட்டது. மான் தலையைத் தூக்கி மூக்கை விரித்து மோந்தது. அது மலைப்பக்கம் திரும்ப முயன்றது. ஆனால் அங்கே ஆளுயரக் கற்பலகைகள் மறைத்து நின்றன.

"அந்தக் கல்லை எடுத்தா காடு தெரியும்" என்றார் ரம்பக்காரர், யாரிடமென்றில்லாமல்.

கிரேன் ஓட்டும் அம்மாள் கூட்டத்திலிருந்து வந்தார். ஏறி உட்கார்ந்தார். கொஞ்சம் பிசகினால் மானை நசுக்கிவிடும் பாரம். பலகைகளை ஒவ்வொன்றாக, தூங்குகிற குழந்தைக்கு அடியிலிருந்து துணியை உருவுவதுபோல, சத்தமில்லாமல் தூக்கினார். ஆறாவது பலகை நகர்ந்ததும் காற்று உள்ளே வந்தது. சுவருக்கு அப்பால் மலை முழுவதும் மரங்கள்.

மானின் காதுகள் இரண்டும் முன்னால் திரும்பின. கழுத்து நிமிர்ந்தது. பிறகு அது கூப்பிட்டது. இரும்புத் தகட்டில் சம்மட்டி விழுந்தாற்போல ஒரே ஒரு சத்தம். டாக்டரின் நெஞ்செலும்பு அதிர்ந்தது. சுவரோரம் நின்ற முப்பது பேரும் ஒருசேர மூச்சை இழுத்தார்கள்.

மலையிலிருந்து பதில் வந்தது. தூரத்தில், அதே சத்தம்.

"அக்கா..." என்றான் தம்பி. அவன் கண்ணில் நீர் வழிந்தது. துடைக்கவில்லை.

ரம்பக்காரர் டாக்டரைப் பார்த்தார். "பேசுது பாத்தீங்களா? இப்ப போய்க் கொல்லுவீங்களா?"

"மாட்டேன்" என்றாள். கையில் எடுத்திருந்த கடைசி ஊசிக்கான மருந்துக் குப்பியைப் பைக்குள் வைத்துவிட்டு அவரருகே தரையில், கல்சேற்றிலேயே உட்கார்ந்தாள்.

காத்திருந்தார்கள். மான் இன்னும் இரண்டு முறை கூப்பிட்டது. இரண்டு முறையும் பதில் வந்தது, ஒவ்வொரு முறையும் இன்னும் தள்ளி. நாலாவது முறை பதில் வரவில்லை. டாக்டருக்குத் தான் ஏதோ ஒரு பெரிய வீட்டின் வாசலில், அழைக்கப்படாமல் வந்து நிற்பதுபோல் இருந்தது. ஆனாலும் எழுந்து போக முடியவில்லை.

பதினொன்றரைக்கு மேல் மருந்தின் வேகம் இறங்கியது. மான் முன்னங்கால்களை ஊன்றி உடம்பை இழுத்தது. இரண்டடி நகர்ந்தது. கல்விளிம்பில் உரசி இடுப்பு கிழிந்தது. மறுபடி இழுத்தது. வாயில் நுரை தள்ளியது. அதன் தொண்டையிலிருந்து இப்போது வந்தது அந்தக் கூப்பிடும் குரல் அல்ல.

ரம்பக்காரர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். திரும்பாமலே, "போடுங்க" என்றார்.

"எனக்காகச் சொல்லாதீங்க."

"அதுக்காகத்தான் சொல்றேன். அது போக முடிஞ்ச தூரம் போயாச்சு. நான் கொம்பப் புடிச்சுக்கறேன்."

முதலில் மயக்க ஊசி. தலை மெல்லத் தாழ்ந்தது. ரம்பக்காரர் அதைத் தன் மடியில் வாங்கிக்கொண்டார், முகம் மலையைப் பார்த்தபடி இருக்கும்படி. டாக்டர் பிடரிமயிரை விலக்கிக் கழுத்து நரம்பைத் தேடினாள். விரலடியில் அது கயிறுபோலப் புரண்டது. முதல் குத்தில் ஊசி நழுவியது. ஆயிரம் தடவை செய்த வேலை. "நான் பிடிக்கறேன்க்கா" என்று தம்பி அவள் முழங்கையைத் தாங்கினான். மருந்து உள்ளே போனது.

இன்னொரு கையை அதன் விலாவில் வைத்திருந்தாள். இதயம் பெரிதாக, அவசரமில்லாமல் அடித்தது. அடித்தது. ஒரு நீண்ட இடைவெளி. அவள் காத்திருந்தாள். இன்னும் ஒருமுறை அடித்தது. பிறகு அந்தப் பெரிய உடம்பு முழுக்க அமைதி வந்து அமர்ந்தது. முப்பது பேரில் யாரோ தலைக்கவசத்தைக் கழற்றும் சத்தம் கேட்டது. மற்றவர்களும் கழற்றினார்கள்.

"இதை ஆழமாப் பொதைக்கணும். மருந்து ஏறின உடம்பத் தின்னா நரி, கழுகு எல்லாம் செத்துடும்" என்றாள்.

"காட்டுக்குக்கூட உதவாம பண்ணிட்டோமா?"

"ஆமா" என்றாள்.

வனத்துறை ஆட்கள் வந்தபோது குழி பாதி தோண்டியிருந்தது. தோண்டியவர் ரம்பக்காரர்தான், யாரையும் மண்வெட்டியைத் தொடவிடவில்லை. டாக்டர் கிளம்பும்போது மட்டும் நிமிர்ந்தார்.

"நீங்க செஞ்சது தப்புன்னு சொல்லமாட்டேன் டாக்டர். சரின்னு சொல்லவும் வாய் வரல."

"எனக்கும் அப்படித்தாங்க."

வண்டியில் தம்பி பாட்டுப் போடவில்லை. ஊருக்குள் நுழைந்து சிக்னலில் நின்றபோதுதான் கேட்டான்.

"அக்கா, அந்தப் பக்கத்துலேருந்து பதில் சொன்னது யாரா இருக்கும்?"

"தெரியலடா" என்றாள். இரண்டு பக்கமும் கடைகள், ஹாரன் சத்தம், தலைகள். அவள் கண்ணாடியை இறக்கிவிட்டு, அந்தச் சத்தத்துக்கெல்லாம் பின்னால் நிற்கும் மலையைப் பார்த்தாள். இருபத்திரண்டு வருடமாக அது அங்கேதான் இருந்திருக்கிறது. பச்சை விளக்கு விழுந்து பின்வண்டிக்காரர் ஹாரன் அடிக்கும்வரை பார்த்துக்கொண்டேயிருந்தாள்.