அடைப்புக்குறிக்குள் ஓர் எண்

1

இந்தக் கதை என்னுடையது அல்ல. மேல்மாடி ஹைனெக் சொன்னது. பிராகில் முப்பது வருடம் அச்சுக் கோத்து ஓய்ந்தவர். நான் முதலில் எழுதிய வரி: ‘வெளியே பனி பெய்தது, அவள் மனதிலும்…’ அடித்துவிட்டேன். நடந்தது மே மாதத்தில்.

2

1958. பொஹுமிலா என்ற வேதியியலாளர் ஒரு புத்தகத்துக்காகக் கரிமப் பொருள்களின் மின்முனை அழுத்தங்களை அட்டவணையாக்கிக்கொண்டிருந்தாள். அசிட்டிக் அமிலம் அசிட்டால்டிஹைடாக மாறும் வினை மட்டும் பிடிகொடுக்கவில்லை. மின்னழுத்தமானியின் முள் ஓரிடத்தில் நிற்க மறுத்தது. வேறு வழியில் போனாள். வெப்பத் தரவுகளிலிருந்து இரண்டு பொருள்களின் ஆற்றல் வித்தியாசத்தைக் கண்டுபிடித்து, இடம்மாறும் இரண்டு எலக்ட்ரான்களின் மின்னூட்டத்தால் வகுத்தாள். வந்தது −0.12 வோல்ட். அளந்ததல்ல, கணக்கிட்டது என்று தெரிய அடைப்புக்குறிக்குள் எழுதினாள்.

(அளக்க முடியாததைக் கணக்கிடுவது பொய்யல்ல. அளந்தேன் என்பதுதான் பொய். இது கட்டுரை மாதிரி இருக்கிறது, இருக்கட்டும்.)

3

பேராசிரியர் வாட்சேக் அவளுடைய ஆய்வகத் தலைவர். அவரை வில்லனாக்கி மூன்று பக்கம் எழுதினேன். ஹைனெக் கேட்டுவிட்டு, “அட போப்பா, அவரு நல்ல மனுசன். பயந்தாங்கொள்ளி, அவ்வளவுதான்” என்றார். மூன்று பக்கமும் குப்பைக்குப் போனது. நடந்தது இதுதான்: அச்சகத்திலிருந்து வந்த மெய்ப்பைத் திருத்தும்போது வாட்சேக் அவளைக் கூப்பிட்டார்.

“அந்தக் குறிய எடுத்துடும்மா. பக்கம் பூரா அளந்த எண்ணு, இது ஒண்ணு மட்டும் நொண்டுது.”

“நொண்டிதானே புரபசர், தெரிஞ்சா தெரியட்டுமே.”

“எல்லாத்தையும் அளந்தாச்சுன்னு மேலிடத்துல சொல்லிட்டேன்!”

“சொன்னது நீங்க. அளக்காதது நான்.”

அவர் மெய்ப்பில் குறியை அடித்துக் கையெழுத்துப் போட்டு அனுப்பினார்.

4

மறுநாள் காலை அச்சகத்தில் ஹைனெக்கின் முன்னால் நின்றாள்.

“ரெண்டே ரெண்டு குறிங்க. வெச்சிடுங்க.”

“ஐயா கையெழுத்துப் போட்டது. என் வேலையே போயிரும்மா.”

“நான்தான் மாத்தச் சொன்னேன்னு எழுதித் தர்றேன்.”

எழுதித் தந்தாள். ஹைனெக் இரண்டு ஈயத் துண்டுகளைச் செருகினார்.

புத்தகம் வந்தது. குறி இருந்தது, முகப்பில் அவள் பெயர் இல்லை. அவளைப் பர்துபித்சே நகரத்துப் பக்கம் ஒரு பால் பண்ணையில் புளிப்பு சோதிக்கும் வேலைக்கு மாற்றினார்கள்.

5

பின்னாளில் யாரோ அளந்து, அதே எண் வந்தது என்று முடிக்க ஆசை. (அப்படி எதையும் ஹைனெக் கேள்விப்படவில்லை.) வாட்சேக் மன்னிப்புக் கடிதம் எழுதினார் என்று… வேண்டாம்.

தெரிந்தது இவ்வளவுதான்: அவளை வழியனுப்ப ரயிலடிக்கு ஹைனெக் போயிருந்தார். வாட்சேக்கும் வந்தார், கையில் ரொட்டிப் பொட்டலத்தோடு.

“வழியில சாப்பிடும்மா.”

வாங்கிக்கொண்டாள். “எண்ணு சரிதானே, புரபசர்?”

“சரிதாம்மா.”

வேலைக்கு நேரமாகிவிட்டதென்று ஹைனெக் கிளம்பிவிட்டார். வண்டி போன பிறகு வாட்சேக் அந்த மேடையில் எவ்வளவு நேரம் நின்றார் என்று ஹைனெக்குக்குத் தெரியாது, எனக்கும் தெரியாது. நீங்கள் எழுதினால் எவ்வளவு நேரம் நிற்கவைப்பீர்கள்?